106-க்குப் பயந்து 103-க்குள் விழாதீர்கள்

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. என் தம்பி காட்டோரம் பறித்து வந்த காளானைக் குழம்பு வைத்தேன். மாமியார், அவருடைய தங்கை, என் கணவர் மூவரும் சாப்பிட்டார்கள். எனக்கு அன்று விரதம். பிள்ளைகள் காளானைத் தொடமாட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் மூவருக்கும் வாந்தி, பேதி. மருத்துவமனையில் 'மைத்துனன் கொண்டுவந்த காளான்' என்று கணவர்தான் டாக்டரிடம் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நன்றாகத்தான் இருந்தார்கள். புதன்கிழமை கண் மஞ்சளானது. அந்த வாரமே மாமியாரும் சின்ன மாமியாரும் போய்விட்டார்கள். கணவர் பிழைத்தார். நான் விஷம் வைத்துவிட்டதாக நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். இத்தனை வருடம் மாமியாரைப் பார்த்துக்கொண்டவள் நான்; காரியத்தில் என்னை உட்காரக்கூட விடவில்லை. போலீஸ் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்திருக்கிறது. தம்பி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று 'சந்தையில் வாங்கினேன்' என்று சொல்லிவிட்டேன். அவனோடு பேசியதையும் வாட்ஸ்அப்பில் அழித்துவிட்டேன். 'என் கவனக்குறைவால் நடந்தது, வீட்டில் பங்கு வேண்டாம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடு, யாரும் மேற்கொண்டு போகமாட்டோம்' என்கிறார்கள் பெரியவர்கள். எழுதிக் கொடுக்கலாமா? நாத்தனார் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா? மருத்துவமனையைச் சும்மா விடுவதா?"

சகோதரி, நாத்தனார் எழுதியது, காரியத்தில் நடந்தது, இத்தனை வருட உழைப்பை யாரும் நினைக்காதது எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். அவை உண்மையாகவே இருக்கட்டும், இன்றைக்கு எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்கப் போவதில்லை. மானநஷ்ட வழக்குப் போட்டால் கூண்டில் ஏறி 'நான் விஷம் வைக்கவில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். குறுக்கு விசாரணையில் அந்தச் சந்தைக் கதையும் வெளியே வரும். மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதை இப்போது தொடாதீர்கள். நீங்கள் சாப்பிடாதது குற்றமா என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். குற்றம் இல்லை. கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லலாம்.

கடிதத்தில் சட்டப்படி கனமுள்ள விஷயம் ஒன்றுதான், அதை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். காளான் எங்கிருந்து வந்தது என்று போலீஸிடம் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் உரையாடலையும் அழித்தீர்கள்.

காட்டுக்காளான் சாவுகளில் சட்டம் தேடுவது தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதைத்தான். நல்ல காளான் என்று நம்பிச் சமைத்திருந்தால் அது விபத்து, எந்தப் பிரிவும் ஒட்டாமலே போகலாம். சந்தேகம் இருந்தும் அலட்சியமாக இருந்தீர்கள் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 106(1): அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். தெரிந்தே பரிமாறினீர்கள் என்றால் 103, கொலை. உங்கள் மனதுக்குள் புகுந்து பார்க்க நீதிபதியால் முடியாது. அதனால் நீங்கள் பிறகு என்ன செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார். சம்பவத்துக்குப் பிந்தைய நடத்தையும் சாட்சியம் என்கிறது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 6-ஆம் பிரிவு. தம்பியை 106-இலிருந்து காப்பாற்றப் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய் உங்களை 103-இன் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. விஷக் கொலையை நிரூபிப்பது எளிதல்ல. சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் நான்கு விஷயங்களைக் கேட்டது: தெளிவான நோக்கம், சாவு அந்த விஷத்தால்தான் என்பது, விஷம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருந்தது, அதைக் கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. பொய்யான விளக்கம் மட்டும் ஒருவரைக் கொலையாளி ஆக்காது, மற்ற கண்ணிகள் முழுமையாக இருந்தால்தான் அது கூடுதல் கண்ணி ஆகும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் உங்கள் நிலைமையைப் பாருங்கள். சமைத்தது நீங்கள், வாய்ப்பு இருந்தது. காளான் உங்கள் கையில் இருந்தது. நோக்கத்துக்கு வீட்டுத் தகராறு என்று நாத்தனார் ஒன்றைச் சொல்லத் தயாராக இருக்கிறார். மீதி இடத்தை நிரப்பும் வேலையை நீங்களே செய்துகொடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பொய் ஏற்கெனவே உடைந்துவிட்டது. விஷ பாதிப்பு என்று யாரைச் சேர்த்தாலும் மருத்துவமனையில் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்.) பதிவார்கள். கொண்டுவந்தவர் யார், என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு என்று டியூட்டி டாக்டர் கையால் எழுதியிருப்பார். உங்கள் கணவர் சொன்னதும் அதில் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி முதலில் வாங்கும் தாள்களில் அந்த ஏ.ஆர். காப்பியும் ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்டிருக்கவும் கூடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லியோங்காதா என்ற ஊரில் 2023 ஜூலையில் ஒரு பெண் தன் கணவர் வழி உறவினர்களுக்கு மதிய உணவு கொடுத்தார். நச்சுக்காளான் கலந்த அந்த உணவைச் சாப்பிட்ட நால்வரில் மூவர் இறந்தார்கள். தற்செயலாகக் கலந்துவிட்டது என்பதே அவருடைய வாதம். காளான் உலர்த்தும் கருவியைக் குப்பைக் கிடங்கில் போட்டது, அப்படி ஒரு கருவியே தன்னிடம் இல்லை என்று போலீஸிடம் சொன்னது, கைப்பேசியில் இருந்ததைத் துடைத்து அழித்தது ஆகியவற்றை அரசுத் தரப்பு ஒவ்வொன்றாக ஜூரிகள் முன் வைத்தது. பயத்தில் பொய் சொன்னேன் என்று அவர் கூண்டில் ஒப்புக்கொண்டார். 2025 ஜூலையில் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு. செப்டம்பரில் ஆயுள் தண்டனை, 33 ஆண்டுகளுக்குப் பரோல் கிடையாது. அந்த வழக்கில் வேறு சாட்சியங்களும் இருந்தன, உங்கள் கதை வேறு. ஆனால் 'பயந்துபோய்ப் பொய் சொன்னேன்' என்ற விளக்கத்துக்கு எந்த ஊர் நீதிமன்றத்திலும் இதுதான் மதிப்பு.

நீங்கள் அழித்த உரையாடலில் என்ன இருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். 'இது சமைக்கலாமாடா?' என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். 'புற்றுக்காளான்தான் அக்கா, சின்ன வயசுல நாம சாப்பிட்டதுதான்' என்று தம்பி சொல்லியிருக்கிறான். சகோதரி, உங்கள் பக்கம் இருந்த ஆகச் சிறந்த சாட்சியம் அந்த இரண்டு வரிகள்தான். சாப்பிடும் முன்பே, யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும் முன்பே, நல்ல காளான் என்று கேட்டு நம்பினீர்கள் என்பதற்குத் தேதியும் நேரமும் போட்ட ஆதாரம். கேட்டீர்களே, அப்படியானால் சந்தேகம் இருந்ததா என்று அரசு வக்கீல் திருப்புவார், திருப்பட்டும். அது அதிகபட்சம் 106 வரை போகும். கொலை செய்ய நினைப்பவர் தம்பியிடம் அனுமதி கேட்டுச் சமைக்கமாட்டார்.

உங்கள் போனில் அழித்தாலும் தம்பியின் போனில் இருக்கக்கூடும். இரண்டு போன்களையும் இனி விற்கவோ, ரீசெட் செய்யவோ, 'சரிபார்க்க' யாரிடமும் கொடுக்கவோ வேண்டாம். நீங்களாக மீட்டெடுக்கவும் முயலாதீர்கள். வக்கீல் வழியாக, முறையான சான்றிதழோடு வெளியே வந்தால்தான் அது சாட்சியமாக நிற்கும். மீதமிருந்த காளான், சமைத்த பாத்திரம் எதுவும் வீட்டில் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். சாட்சியத்தை மறைப்பது தனிக் குற்றம், நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவு.

பொய்யைத் திருத்த வேண்டும், ஆனால் நாளைக் காலை தனியாக ஸ்டேஷனுக்குப் போய் அல்ல. குற்றவியல் வக்கீல் ஒருவரை இந்த வாரமே அமர்த்துங்கள். முன்ஜாமீன் தேவையா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு, அவர் சொல்லும் வழியில் திருத்திய வாக்குமூலம் போகட்டும். போலீஸ் விசாரணையில் நீங்கள் முன்பு சொன்னது கையெழுத்தில்லாத வாக்குமூலம், தானாகவே உங்களுக்கு எதிரான ஆதாரம் ஆகிவிடாது. மற்றவர்கள் உடைத்துக் காட்டுவதற்கு முன்பு நீங்களே திருத்தினால் 'தம்பிக்காகச் சொன்னேன்' என்பது நம்பத் தகுந்த விளக்கமாக இருக்கும். அவர்கள் ஏ.ஆர். காப்பியை மேஜையில் போட்ட பிறகு அதே வார்த்தை எடுபடாது. உங்களைக் குற்றத்தில் சேர்க்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க அரசியலமைப்பின் 20(3) உரிமை தருகிறது. பொய் சொல்ல யாரும் உரிமை தரவில்லை.

இனி அந்த முத்திரைத்தாள். குடும்பத்துக்குள் நடந்த மரண வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழுந்ததை நான் அதிகம் பார்த்த குழி இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது பலருக்கும் தெரியும். மாமாவிடம், சித்தப்பாவிடம், ஊர்ப் பெரியவரிடம் சொன்னதற்கும் எழுதிக் கொடுத்ததற்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த ஒப்புதல் என்று அது நேராக வழக்குக்குள் வரும். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை வைத்தே எத்தனையோ கொலை வழக்குகள் நடக்கின்றன. 'வழக்கு போடமாட்டோம் என்று ஆசை காட்டித்தான் வாங்கினார்கள்' என்று பிறகு சொல்லலாமே என்பீர்கள். ஆசை காட்டி வாங்கிய ஒப்புதலைச் சட்டம் ஒதுக்குவது அதிகாரத்தில் இருப்பவர் காட்டிய ஆசைக்கு மட்டும். கணவரின் பெரியப்பா அதிகாரத்தில் இருப்பவர் அல்ல.

அவர்கள் கொடுக்கும் வாக்குறுதிக்கும் மதிப்பில்லை. கொலையும் சரி, அலட்சியத்தால் மரணமும் சரி, சம்பந்தப்பட்டவர்கள் தங்களுக்குள் ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. வழக்கு நடத்துவது அரசு, நாத்தனார் அல்ல. குற்ற வழக்கை அமுக்க ஒரு விலை பேசிச் செய்த ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் செல்லாது. ஆக அவர்கள் சொன்ன சொல்லை மீறினாலும் உங்களால் கேட்க முடியாது. நீங்கள் எழுதிய தாள் மட்டும் செல்லும். இன்று மாமா பெட்டிக்குள் பூட்டி வைப்பதாகச் சொல்லும் தாளின் நகல் சண்டை வந்த அன்றே ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

அதோடு, வாசகத்தை எழுதப்போவது யார் என்று பார்த்தீர்களா? நீங்கள் 'தெரியாமல்' என்று சொல்வீர்கள். பத்திரம் எழுதுபவர் 'சரியில்லை என்று தெரிந்திருந்தும்' என்று ஒரு வார்த்தையைச் சேர்ப்பார். அழுதுகொண்டு கையெழுத்துப் போடுபவர் அதைப் படிக்கமாட்டார்.

'வீட்டில் பங்கு வேண்டாம்' என்ற பகுதியைப் பாருங்கள். வீடு மாமியார் பெயரில் இருந்தது, மாமனார் முன்பே காலமானார், உயில் இல்லை என்கிறீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகள் உங்கள் கணவரும் நாத்தனாரும், சரிபாதி. உங்களுக்கு அந்த வீட்டில் பங்கே கிடையாது. இல்லாத பங்கை நீங்கள் எழுதிக் கொடுப்பதால் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. அப்படியானால் அந்தத் தாளில் பெறுமானம் உள்ள பகுதி உங்கள் ஒப்புதல் மட்டும்தான். கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் இறந்தவரின் சொத்தைப் பெற முடியாது என்று அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களைக் கொலையாளி ஆக்கி, கணவரை உடந்தை ஆக்கினால் வீடு முழுதும் எங்கே போகும் என்று யோசியுங்கள். நாத்தனார் அப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை, தாயை இழந்த துக்கத்தில்கூடப் பேசலாம். ஆனால் அந்தத் தாள் அதற்கும் பயன்படும்.

சமாதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டு விஷயத்தில் சமாதானமாகப் போங்கள், தாராளமாகவே போங்கள் என்பதுதான் என் யோசனை. கணவர் பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டாலும் நஷ்டமில்லை. நோக்கம் என்று சொல்ல அவர்களிடம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். செய்ய வேண்டியவர் கணவர்; அண்ணன் தங்கைக்குள் பாகப்பிரிவினையாக, இரு தரப்பு வக்கீல்கள் எழுதி, பதிவு செய்து. அதில் காளான், மரணம், வருத்தம், மன்னிப்பு எதுவும் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. பேச்சை இப்போதே தொடங்கலாம், கையெழுத்து மரணத்துக்கான இறுதிக் காரணம் தெரிந்த பிறகு இருக்கட்டும். விசாரணை நடுவில் போட்டால் வாய்மூடக் கொடுத்தது போலத் தெரியும்.

அந்த இறுதிக் காரணம் எளிதில் வராது. உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். வழக்கமான பரிசோதனை பூச்சிமருந்து, உலோக நஞ்சு போன்றவற்றைத் தேடும். கல்லீரலை அழிக்கும் காளான் நஞ்சான அமாடாக்ஸினைத் தனியாகக் கேட்காவிட்டால் 'விஷம் காணப்படவில்லை' என்று வந்துவிடலாம். அது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்காதீர்கள். காரணம் தெரியாத இரண்டு சாவுகள் என்றாகிவிட்டால் அந்த இடத்தில் ஊர்ப்பேச்சு உட்கார்ந்துவிடும். அமாடாக்ஸின் சோதனையும் செய்யச் சொல்லி உங்கள் வக்கீல் எழுத்தில் மனு கொடுக்கட்டும். உங்கள் கணவரின் சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் நகல் வாங்குங்கள். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வாந்தி, பிறகு ஒரு நாள் தெளிவு, அதன்பின் மஞ்சள் காமாலை என்ற வரிசை இவ்வகைக் காளான் நஞ்சில் பொதுவாகக் காணப்படுவது. பூச்சிமருந்து பொதுவாக அவ்வளவு காத்திருக்காது. குழம்பில் வேறு எதையோ கலந்தீர்கள் என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல அந்தக் குறிப்புகள் உதவும். வேகவைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை என்பதால், அரைவேக்காட்டில் பரிமாறினீர்களா என்ற கேள்வியிலும் நீங்கள் அலைக்கழிய வேண்டாம்.

தம்பிக்குத் தனி வக்கீல் வைக்கச் சொல்லுங்கள். ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம் என்பீர்கள். காளானைப் பறித்தவன் அவன், சமைத்தவர் நீங்கள். 'அவன் நல்லது என்றான்' என்பது உங்கள் பதில், 'அக்கா பார்த்துச் சமைப்பாள் என்று நினைத்தேன்' என்பது நாளை அவன் பதிலாக இருக்கலாம். இரண்டையும் ஒரே வக்கீல் பேச முடியாது. வாக்குமூலம் முடியும்வரை நீங்கள் இருவரும் இதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம். பிள்ளைகளுக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். கேட்டால் பார்த்ததைச் சொல்லட்டும்.