328-ஆ, 328பி-யா? சிப்பையே கேளுங்கள்

கேள்வி: ஏடிமெகா328பி (ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர்) என்று கேட்டு ஐந்து சிப் வாங்கினேன். யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரில் பூட்லோடர் (சீரியல் வழியாக நிரல் ஏற்ற உதவும் சிறு நிரல்) ஏற்றப் போனால், சிக்னேச்சர் (சிப்புக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்) 1ஈ 95 14, எதிர்பார்த்தது 1ஈ 95 0எஃப் என்று சொல்லி, சிப்பில் நிரல் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட் நின்றுவிடுகிறது. சிப் போலியா? ‘எஃப்’ ஆப்ஷன் போட்டுக் கட்டாயமாக ஏற்றிவிடலாமா?

பதில்: போலி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருப்பது பி இல்லாத ஏடிமெகா328. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சிப்பின் முதுகைப் படியுங்கள். 328-ஐ ஒட்டி, சிறு கோட்டுக்கு (-) முன்னால் பி இருந்தால்தான் 328பி. கோட்டுக்குப் பின்னால் வரும் ‘பியூ’ வெறும் டிப் பேக்கேஜை (இரு வரிசைக் கால்கள் கொண்ட உறை வடிவம்) குறிக்கிறது. வாங்கும்போது பலரும் ஏமாறுவது அந்தப் பி-யில்தான்.

எழுத்தை அழித்து மாற்றி அச்சடிக்கலாம், சிக்னேச்சரை அப்படி மாற்ற முடியாது. அதில் 1ஈ என்றால் அட்மெல். 95 என்றால் 32 கேபி ஃபிளாஷ். 94 வந்தால் 16 கேபிதான். மூன்றாவது எண்தான் ரகத்தைப் பிரிக்கிறது: 0எஃப் என்றால் 328பி, 14 என்றால் 328, 16 என்றால் 328பிபி (328PB). 328பி என்று அச்சிட்ட சிப் 1ஈ 94 06 என்று பதில் சொன்னால் அது ஏடிமெகா168. அப்போது கடைக்காரரிடம் சண்டை போடலாம்.

உங்கள் 328-இல் குறைவது முக்கியமாக ஒன்று: சிப் தூங்கும்போது பிரவுன்-அவுட் கண்காணிப்பை (மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் சுற்று) நிரலிலிருந்தே அணைக்க முடியாது. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டியதென்றால் இது உறுத்தும். அடாப்டரில் ஓடுவதற்குக் கவலையே வேண்டாம்.

‘எஃப்’ போட்டால் உங்கள் விஷயத்தில் ஏறிவிடும். ஆனால் அது கைப்பழக்கமாகிவிட்டால், நாளை ஒயர் கழன்றிருந்தாலும் கண்ணில் படாது. கான்ஃபிக் ஃபைலில் சிக்னேச்சரைத் திருத்தச் சொல்பவர்களும் உண்டு. அப்புறம் அசல் 328பி வந்தால் அதையே ஏவிஆர்டியூட் வேண்டாம் என்னும். ஏவிஆர்டியூடில் பார்ட் பெயரை ‘எம்328பி’க்குப் பதில் ‘எம்328’ என்று கொடுங்கள், போதும். ஆர்டுயினோ ஐடிஇ என்றால் இந்தச் சிப்களுக்கான போர்டு தொகுப்பான மினிகோர் நிறுவி, வேரியன்ட்டில் பி இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

சிக்னேச்சர் முழுக்க 00 என்றோ எஃப்எஃப் என்றோ வந்தால் அது எந்த ரகமும் இல்லை; சிப் பேசவே இல்லை. ஒயர், சப்ளை, கிரிஸ்டல் மூன்றையும் பாருங்கள். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். புரோகிராமர் கிளாக் அதில் கால் பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். ஏவிஆர்டியூடில் ‘-B 10’ கொடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வாய் திறக்கும்.

இன்னொன்று. சீரியல் வழியாக ஸ்கெட்ச் ஏற்றும்போது தெரியும் சிக்னேச்சரை நம்பாதீர்கள். அங்கே பதில் சொல்வது சிப் இல்லை, அதில் ஏற்றியிருக்கும் ஆப்டிபூட் என்ற பூட்லோடர். தன்னை எந்தச் சிப்புக்காக கம்பைல் செய்தார்களோ அதன் எண்ணையே அது ஒப்பிக்கும். பழைய போர்டில் என்ன சிப் இருக்கிறதென்று தெரிய வேண்டுமானால், ஐஎஸ்பி பின்களில் புரோகிராமரை மாட்டித்தான் கேட்க வேண்டும்.