பெங்களூரில் முதல் மழை பெய்ததும் வீட்டுக்குள் ஈசல் கூட்டமாக வருகிறதே, என்ன செய்வது?

முதலில் விளக்கை அணையுங்கள். மருந்தெல்லாம் வேண்டாம்.

ராமமூர்த்தி நகரில் நாங்கள் குடிவந்த ஆண்டு, ஏப்ரலில் ஒரு மாலை மழை விட்டுச் சற்று நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியாக ஈசல் கொட்டியது. பக்கத்துக் காலி மனையில் இடுப்புயரப் புற்று ஒன்று இருந்தது. பதறிப்போய்க் கொசு மருந்தை அடித்தேன், போதாததற்கு மின்விசிறியையும் சுழலவிட்டேன். சாம்பாரில் இறகு, குடத்துத் தண்ணீரில் இறகு, தூங்கும் குழந்தையின் தலையில் இறகு. ஈசல் அடங்கிய பிறகும் மருந்து நெடியில் இரவெல்லாம் இருமினோம்.

மறுநாளும் மழை. கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த மாமியார் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்து, வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டு, அதன் அடியில் அகலமான அன்னக்கூடையில் தண்ணீர் வைத்தார். கூட்டம் மொத்தமும் அங்கே போய்விட்டது. ஒரு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். ஊரில் இதை வறுத்துப் பொரியோடு தின்போம், நீங்கள் விஷம் வைக்கிறீர்கள் என்று ஒரு குத்தல் வேறு.

ஈசல் கடிக்காது, கொட்டாது. இணை தேடிப் புற்றைவிட்டுக் கிளம்பும் கறையான்தான் அது. தரையில் குனிந்து பாருங்கள்: நான்கு இறகையும் உதிர்த்துவிட்டுப் பெண் முன்னால் ஓட, ஆண் ஒட்டினாற்போல் பின்னால் ஓடும். புதுப் புற்றுக்கு இடம் தேடுகின்றன. பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும்.

உண்மையான வேலை இறகை அள்ளுவதுதான். காய்ந்த துடைப்பத்தைத் தொட்டால் வீடெங்கும் பறக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அதைக் குளியலறையில் அலசிவிடாதீர்கள், சாக்கடை அடைத்துக்கொள்ளும். ஜன்னலோர வெள்ளை விளக்கை மஞ்சளாக மாற்றியதில் எங்களுக்கு வரத்தும் குறைந்தது.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். ஈசல் ஜன்னல் வழியாக வராமல் கதவு நிலையிலிருந்தோ சுவர் வெடிப்பிலிருந்தோ வெளிப்பட்டால், கறையான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். உடனே கறையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். எங்கள் மாடி வீட்டுக்காரர் இரண்டு ஆண்டுகள் இறகைப் பெருக்கிப் பெருக்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நிலையில் திருப்புளியை வைத்து அழுத்திப் பார்த்தார். கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது.