மின்சாரம் போய் வந்தால் பதிவுகள் எங்கே போகின்றன?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "கட்டிங், தையல், செக்கிங் மூன்று இடங்களிலும் பண்டில் பார்கோடை ஸ்கேன் செய்கிறோம். அந்தப் பதிவுகளை அனுப்ப உபுண்டு சர்வரில் ரேபிட்எம்க்யூ (பதிவுகளை வாங்கி வரிசையில் வைத்து, எடுக்கும் நிரலுக்குக் கொடுக்கும் மென்பொருள்) நிறுவினேன். சர்வரிலேயே சோதித்தால் ஓடுகிறது. செக்கிங் டேபிள் கணினியிலிருந்து அதனுடனேயே வரும் 'கெஸ்ட்' என்ற பயனர் பெயரில் நுழைய முடியவில்லை. போன வாரம் மின்தடைக்குப் பிறகு வரிசையில் நின்ற பதிவுகளையும் காணோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா?"

வேண்டாங்க. தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். காணாமல் போன பதிவுகள் வட்டிலேயே இருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் அதைப் பார்த்துவிடலாம். ரேபிட்எம்க்யூ தன் தரவை சர்வரின் பெயரோடு சேர்த்த ஒரு கோப்புறையில் வைக்கிறது. சர்வரின் பெயர் மாறினால் புதிய பெயரில் ஒரு காலிக் கோப்புறையைத் திறந்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஓடும். நிறுவும்போது பெயரைத் தற்காலிகமாக மாற்றியிருந்தால், மின்சாரம் போய் வந்ததும் பழைய பெயர் திரும்பியிருக்கும். தரவு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு பெயர்களில் கோப்புறைகள் தெரிந்தால், சேவையை நிறுத்தி, முன்பு ஓடிய பெயரை நிரந்தரமாக வைத்துவிட்டுத் துவக்குங்கள். வட்டில் எழுதப்பட்டவை அத்தனையும் திரும்ப வரும்.

ஒரே கோப்புறைதான் என்றால், பதிவுகள் பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே இருந்திருக்கும். இதற்கு உங்கள் நிரலைத்தான் திருத்த வேண்டும். வரிசையை 'டியூரபிள்' (மறுதுவக்கத்துக்குப் பிறகும் இருக்கும் வரிசை) என்று அறிவிக்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு பதிவையும் 'பெர்சிஸ்டென்ட்' (வட்டில் எழுத வேண்டிய பதிவு) என்று குறிக்க வேண்டும். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வரிசை பிழைக்கும், உள்ளே இருந்த பதிவுகள் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் வரிசையின் தன்மையை மாற்றவும் முடியாது. 406 என்ற பிழை வரும். புதிய பெயரில் தொடங்குங்கள்.

தொடங்குவதே தொடங்குகிறீர்கள், குவோரம் வகை வரிசையாக வையுங்கள். பல சர்வர்களில் நகல் வைப்பதற்கான வகை அது, ஒரே சர்வர் என்றாலும் சொல்கிறேன். பதிவு வட்டில் உறுதியாக இறங்கிய பிறகே அது அனுப்பியவருக்கு 'கிடைத்தது' என்று பதில் தரும். ஸ்கேனர் நிரல் அந்தப் பதிலுக்குக் காத்திருந்து, அதன் பிறகே திரையில் பச்சை காட்ட வேண்டும். வரிசையிலிருந்து பதிவை எடுக்கும் நிரலும் அப்படித்தான்: தரவுத்தளத்தில் எழுதி முடித்த பிறகு ஒப்புதல் அனுப்பட்டும். லாரி புக்கிங் ஆபீஸில் சரக்கை எடுத்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதானே கணக்கை முடிக்கிறார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு பண்டில் விடுபட்டால் அது அவருடைய அந்த வாரக் கூலி. இந்தக் காத்திருப்பு அதற்காகத்தான்.

சரி, கெஸ்ட் விஷயம். 2014-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து அந்தப் பயனர் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே நுழையலாம். அந்தத் தடையைத் தளர்த்தும் வழியை இணையத்தில் சொல்லித்தருவார்கள், செய்யாதீர்கள். ஸ்கேனர்களுக்கென்று புதிய பயனரை உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்து, அமைக்க, எழுத, படிக்க என மூன்று அனுமதிகளையும் தனித்தனியாகக் கொடுங்கள். பயனரை மட்டும் உருவாக்கி அனுமதியை விட்டுவிட்டால், உள்ளே நுழைந்த பிறகு மறுக்கும். ஃபயர்வாலில், நிரல்கள் இணையும் 5672 போர்ட்டை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். நிர்வாகப் பக்கத்தின் 15672 போர்ட்டை உங்கள் கணினிக்கு மட்டும் திறந்தால் போதும்.

அப்புறம், காலி வட்டு இடத்தின் எச்சரிக்கை அளவு இயல்பாக வெறும் 50 எம்பி. அதற்குக் கீழே போனால் அனுப்புபவர்களை அப்படியே நிறுத்திவைக்கும். ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று செக்கிங்கில் நினைப்பார்கள். இரண்டு ஜிபியாவது வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஷிப்ட் இல்லாத நேரத்தில் எடுக்கும் நிரலை நிறுத்திவிட்டுச் சில பண்டில்களை ஸ்கேன் செய்யுங்கள். சர்வரை மறுதுவக்கம் செய்து, நிர்வாகப் பக்கத்தில் வரிசையின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஸ்கேன் செய்த எண்ணிக்கை அப்படியே நின்றால் மறுநாள் காலை ஷிப்டுக்கு விடலாம்.