'தேவெ'யைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள்

கேள்வி: பலெர்மோவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு இத்தாலிய அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் குடியுங்கள், வெயிலில் போகாதீர்கள் என்று நல்லதுக்குத்தான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் 'தேவெ' என்ற ஒரு சொல். அதைக் கேட்டாலே, “நீ எனக்கு எஜமானியா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எப்படித்தான் சொல்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த அம்மா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. 'தேவெ பேரெ' என்றால் 'நீங்கள் குடித்தே ஆகவேண்டும்'. டாக்டர் சொன்னால் சரி. வீட்டுக்குள் நாள் முழுக்கக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். 'பெர் ஃபவோரெ' (தயவுசெய்து) சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான். வினையின் வாலை மாற்றினால்தான் தொனி இறங்கும். 'தொவ்ரெப்பெ பேரெ' என்று சொல்லிப் பாருங்கள், 'குடித்தால் நல்லது' என்றாகிவிடும். (தமிழ் எழுத்தில் உச்சரிப்பு ஓரளவுதான் பிடிபடும், மீதியை அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகுங்கள்.)

ஆனால் உங்கள் கைக்கு எளிதானது 'லெ கொன்வியேனெ'. 'இப்படிச் செய்வது உங்களுக்கு வசதி' என்ற பொருளில் இத்தாலியர் தினமும் புழங்குவது. இதற்குப் பின்னால் வரும் வினை அகராதியில் இருக்கிறபடியே நிற்கும், ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றித் திண்டாட வேண்டாம். ஷிரோக்கோ என்ற வெப்பக் காற்று அடிக்கிற நாளில், நண்பகலில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாரா? 'லெ கொன்வியேனெ உஷீரெ வெர்ஸோ சேரா', சாயங்காலம் போவது நல்லது. ஜன்னல் பலகைகளை மூடச் சொல்ல, 'கொன்வியேனெ கியூதெரெ லெ பெர்ஸியானெ'. முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொன்னால் நம் ஊரில் 'சொன்னதைக் கேட்டால் உனக்கு நல்லது' என்பதுபோல மிரட்டலாகிவிடும்.

பிடிவாதம் முற்றிய நேரத்துக்கு 'இயோ அல் ஸுவோ போஸ்தோ' இருக்கிறது. 'உங்கள் இடத்தில் நான் இருந்தால்' என்று தொடங்கி, 'பெர்ரேய் உன் போ தாக்குவா' என்று முடியுங்கள். நான் என்றால் கொஞ்சம் தண்ணீர் குடிப்பேன், அவ்வளவுதான். முடிவு அவருடையது என்பதால் பெரும்பாலும் குடித்துவிடுவார்.

இதெல்லாம் மரியாதைப் பன்மைக்கு ஈடான 'லேய்' வடிவம். அவராக 'தியாமொச்சி தெல் து', அதாவது 'நீ என்றே பேசிக்கொள்வோம்' என்று சொல்லும்வரை 'து'வுக்கு (நீ) இறங்காதீர்கள்.

இன்னொன்று. அறிவுரை எப்போதும் உங்கள் பக்கமிருந்தே போனால் எந்த இலக்கணமும் உதவாது. 'கெ மி கொன்சீல்யா?' என்று நீங்களும் யோசனை கேளுங்கள். எந்த மீன் வாங்கலாம், எதைப் போட்டுக்கொண்டு போகலாம், எதுவானாலும் சரி. ஈரத் தலையோடு வெளியே போகாதே, 'கொல்போ தாரியா' பிடிக்கும் என்று ஒரு பாட்டம் சொல்லுவார். காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்கும் என்ற இந்தப் பயம் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், காசில்லாத பாடம். முறையாகப் படிக்க விரும்பினால், வயது வந்தோருக்கான அரசுக் கல்வி மையங்களில் (சி.பி.ஐ.ஏ.) வெளிநாட்டவருக்கு இத்தாலியன் வகுப்புகள் நடக்கின்றன.

ஆனால் அவர் விழுந்துவிட்டாலோ மயக்கம் வந்தாலோ இந்த நயமெல்லாம் வேண்டாம். 'நோன் ஸி முவோவா!', அசையாதீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டு அவசர மருத்துவ உதவி எண் 118-ஐ அழையுங்கள்.