நேர்ந்த காணிக்கைக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஆலயம் நூறு ஆண்டுகளைக் கடந்தது. அதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுகிறார்கள். போன ஸ்தோத்திரப் பண்டிகையில் கட்டட நிதிக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக ஆராதனையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தையல் வேலைதான் எனக்கு வருமானம். அதன் பிறகு கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவரால் இன்னும் வேலைக்குப் போக முடியவில்லை. இதுவரை 25,000 கொடுத்திருக்கிறேன். மீதி வைத்திருப்பவர்களின் பெயர்களைச் சென்ற மாதம் ஆலயத்தில் வாசித்தார்கள். "சங்கிலியை அடகு வைத்தாவது கொடுத்துவிடுங்கள், வலிக்க வலிக்கக் கொடுப்பதுதான் தியாகக் காணிக்கை" என்கிறார் கமிட்டியில் ஒருவர். நேர்ந்ததைக் குறைத்தால் பாவமா?
(தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சங்கிலியைக் கழற்றாதீர்கள் அம்மா. குறைத்துக் கேட்பது பாவமும் அல்ல. வேதத்திலேயே அதற்கு வழி வைத்திருக்கிறது. அந்த இடத்தைப் பிரசங்க மேடையிலிருந்து யாரும் வாசிப்பதில்லை என்பதுதான் குறை.

உங்களிடம் எந்த வசனத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிரசங்கி 5-ஆம் அதிகாரம். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று அங்கே இருக்கிறது. உண்மைதான், பொருத்தனை, அதாவது கர்த்தருக்கு நேர்ந்துகொள்வது, விளையாட்டு அல்ல. ஆனால் பொருத்தனைக்கான சட்டம் எழுதியிருக்கும் இடம் லேவியராகமம் 27. அங்கே ஆளுக்கு ஆள் மதிப்பு குறித்திருக்கிறது: இருபது வயது முதல் அறுபது வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி, பெண்ணுக்கு 30 சேக்கல். விலைப்பட்டியல் போலத்தான் இருக்கும். எட்டாம் வசனத்தில் பேச்சு மாறுகிறது. அந்த மதிப்பைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால் அவன் ஆசாரியன் முன் வந்து நிற்கட்டும். பொருத்தனை பண்ணியவனின் திராணியைப் பார்த்து ஆசாரியன் புதிதாக மதிப்பிட வேண்டும்.

இதில் வேலை யாருக்கு என்று பாருங்கள். நேர்ந்தவர் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். மறுமதிப்புப் போடும் கடமை ஆசாரியனுடையது. ஆக, உங்கள் பெயரைப் பட்டியலில் வாசிப்பதற்கு முன் யாராவது ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் கணவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு முழுமையாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் குருவாக இருந்த ஒரு சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் பகுதி), கோபுர வேலைக்காக மீதிப் பட்டியலை நானே வாசித்தேன். அடுத்த ஞாயிறு ஒரு பெரியவர் வந்தார். செய்தித்தாளில் பொதிந்த ஐயாயிரம் ரூபாயை மேசையில் வைத்தார். "ஐயா, என் பெயரை அடித்துவிடுங்கள்" என்றார். நானும் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, நிதி சேர்ந்த மகிழ்ச்சியில் இருந்துவிட்டேன். அது வட்டிக்கு வாங்கிய பணம் என்பது அவருடைய மகள் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் மீதிப் பட்டியலை நான் வாசித்ததில்லை.

இனி, வலிக்க வலிக்கக் கொடுப்பது என்ற பேச்சுக்கு வருவோம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது தாவீதும் அர்வனாவும். 2 சாமுவேல் 24-இல் வருகிறது. எபூசியனான அர்வனாவின் போரடிக்கும் களத்தில் பலிபீடம் கட்டத் தாவீது போகிறான். களத்தையும், பலிக்கு மாடுகளையும், விறகுக்கு உருளைகளையும் நுகத்தடிகளையும் இலவசமாகத் தருகிறேன் என்கிறான் அர்வனா. தாவீது மறுத்துவிட்டு 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறான். விலை கொடுக்காமல் வாங்கியதைக் கர்த்தருக்குப் பலியிட மாட்டேன் என்பது அவன் பேச்சின் சாரம். பிற்காலத்தில் சாலொமோன் ஆலயம் கட்டியது அந்தக் களத்தில்தான் என்று 2 நாளாகமம் 3 சொல்கிறது. நம் வேதத்தில் ஆலயம் என்ற புனித இடத்தின் கதை, ஒரு காணிக்கை யாருடைய செலவில் கொடுக்கப்பட வேண்டும் என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறது.

கமிட்டிக்காரர் இதில் பாதியைத்தான் படித்திருக்கிறார். தாவீது தன் பணத்தைக் கொடுத்தான் என்பது ஒரு பாதி. இன்னொருவனுடைய இழப்பைத் தன் காணிக்கையாகக் காட்ட மறுத்தான் என்பது மறுபாதி. அர்வனாவின் மாடும் நுகமும் அவனுடைய பிழைப்பு. நீங்கள் சங்கிலியை அடகு வைத்தால் மாதா மாதம் வட்டி கட்டப்போவது எதிலிருந்து? கணவரின் மருந்துச் செலவிலிருந்தும் வீட்டு அரிசியிலிருந்தும். மீட்க முடியாமல் போனால் சங்கிலியும் ஏலத்துக்குப் போகும். அப்போது அது உங்கள் தியாகம் மட்டும் அல்ல, கேட்காமலே உங்கள் கணவரிடமிருந்து எடுத்த தியாகமும்கூட. மாற்கு 7-இல் இயேசு கோபப்பட்டது இதற்கு நெருக்கமான ஒரு வழக்கத்தின் மேல்தான். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி அவர்களைக் கைவிடும் வழக்கம் அது. சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமையாகச் சொல்கிறது.

சீர்திருத்தச் சபைகளில் வந்த நமக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துகளை எல்லாரும் அறிவார்கள், படித்தவர்கள் குறைவு. ரோமில் பேதுரு பேராலயம் கட்டுவதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலம் அது. 46-ஆவது கருத்தில், தேவைக்கு மேல் இல்லாதவர்கள் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், சீட்டுக்காக அதைச் செலவழிக்கக் கூடாது என்று எழுதினார். உங்கள் சபை சீட்டு விற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கொடுத்தால் ஆசீர்வாதம், கொடுக்காவிட்டால் சாபம்" என்று மேடையில் பேசும்போது சீட்டுக்கும் ரசீதுக்கும் தூரம் குறைந்துபோகிறது.

ஏழை விதவை இரண்டு காசு போட்டாளே என்று கேட்பீர்கள். போட்டாள். யாரும் அவள் பெயரை வாசிக்கவில்லை. அவளாக வந்தாள், போட்டாள், போனாள். மாற்கு 12-இன் கடைசியில் வரும் அந்தப் பகுதியை முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள். அதற்குச் சற்று முன்புதான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அதற்கு அடுத்த பேச்சு, ஆலயத்தின் கல்லின் மேல் கல் இராதபடி இடிந்துபோகும் என்பது. கி.பி. 70-இல் இடிந்தும் போயிற்று. அந்தப் பெண்ணை இயேசு மெச்சினார். அவளிடம் கடைசிக் காசு வரை போய்ச்சேர்ந்த அந்த ஏற்பாட்டை மெச்சினாரா என்பது எனக்குச் சந்தேகம். கட்டட நிதிக் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் நல்லது.

இப்படிச் சொல்வதால் ஆலயமே தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். சிரியாவின் துரா யூரோப்போஸில் கிடைத்த, மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆராதனை இடம் சாதாரண வீடு ஒன்றை மாற்றி அமைத்ததுதான். ஆனாலும் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்க ஆராதனையும் நடந்த சுவர்களுக்கு ஒரு கனம் சேர்ந்துவிடுகிறது. பாளையங்கோட்டையில் பிராமண விதவையான குளோரிந்தா அம்மையார் கட்டி, 1785-இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த ஆலயத்தை ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே சொல்வார்கள். அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது, கொடுத்தார். நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்து வேதநாயகம் சாமுவேல் அசரியா தெலுங்குப் பக்கம் போய், 1912-இல் தோர்ணக்கல்லில் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். கோயில் மண்டபத் தூணும் மசூதிக் குவிமாடமும் கலந்த சாயலில் அவர் எழுப்பிய பேராலயம் 1939-இல்தான் பிரதிஷ்டைக்கு வந்தது. பல ஆண்டுகள் இழுத்த வேலை. கிறிஸ்தவன் கொடுக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போதித்தவரே அத்தனை காலம் காத்திருந்தார் என்பதை, அடுத்த கிறிஸ்துமஸுக்குள் திறப்பு விழா என்று தேதி குறிக்கும் கமிட்டிகள் நினைத்துப் பார்க்கலாம்.

கொடுத்துப் பழகிய சமூகம்தான் நம்முடையது. என் அம்மா உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பிடி நிற்காது. பிடி மட்டும் சில நாள் சிறுத்துவிடும். மழை பெய்யாத ஆண்டுகளில் விரல் நுனியால் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை கலயத்தைத் துணிப்பையில் கவிழ்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை மற்றவர்களின் பைகளோடு சேர்ந்து பெரிய பெட்டியில் கொட்டப்படும். யாருடைய அரிசி எது என்று அதற்குப் பிறகு தெரியாது. புழுங்கலும் பச்சையும் ரேஷன் அரிசியும் கலந்து ஒரு நிறமாகக் கிடக்கும். வலியைப் பற்றிப் பேசுபவர்கள் அந்தச் சிறுத்த பிடியைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இதே பாதையில் வேறுவிதமாக நடந்ததும் உண்டு. தென் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் மீன்பாட்டில், அதாவது பிடித்த மீனில், ஒரு பங்கு கோவிலுக்கு என்ற வழக்கம் இருந்தது. அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். காணிக்கை வரியாகிப்போய் ஊரில் மனத்தாங்கலை வளர்த்தது. அங்கேயும் கொடுத்தவர்கள் அதே பக்தியுள்ள மக்கள்தான்.

கர்த்தருக்கென்று கொடுத்ததைத் திருப்பிப் பேசலாமா என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நான்காம் நூற்றாண்டில் மிலானின் ஆயராக இருந்த அம்புரோஸ், போரில் சிறைப்பட்டவர்களை மீட்பதற்காகத் திருப்பாத்திரங்களையே உடைத்து உருக்கினார். பிரதிஷ்டை செய்த பாத்திரத்தை உருக்கலாமா என்று அவரைத் திட்டியவர்களும் இருந்தார்கள். திருச்சபையிடம் பொன் இருப்பது பூட்டி வைக்க அல்ல, தேவையில் இருப்பவர்களுக்குச் செலவழிக்க என்று அவர் பதில் எழுதி வைத்தார். பாத்திரத்துக்கே அப்படியென்றால், இன்னும் கொடுக்காத 75,000 ரூபாயைப் பற்றிப் பேசுவதில் தயக்கம் எதற்கு?

செய்ய வேண்டியது இது. கமிட்டியிடம் போகாதீர்கள், சேகர குருவிடம் நேரில் போங்கள். கணவரும் வர முடிந்தால் நல்லது. இல்லையென்றால் குருவின் மனைவி ஐயரம்மாவும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். நேர்ந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, இப்போதைய நிலை இது, இனி மாதம் இவ்வளவு முடியும், அல்லது இப்போதைக்கு ஒன்றும் முடியாது. லேவியராகமம் 27:8-ஐக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். குறைத்த தொகையை நீங்களே முடிவு செய்யாமல், உங்கள் திராணியைப் பார்த்து அவரே ஜெபித்து மதிப்பிடும்படி கேளுங்கள். அவர் மதிப்பிட்டால் அந்தத் தொகையோடு கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவும் அது வேண்டும். அவரும் மறுத்தால் திருமண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன்.

கொடுத்த 25,000-க்கு ரசீது இருக்கிறதா, கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். கேட்பது உரிமை.

பளிங்குக் கல்லில் பெயர் எழுதப்போகிறார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பட்டியல் வாசிக்கும் சபையில் கல்லும் வரும் என்பது என் அனுபவம். வந்தால், உங்கள் பெயர் அதில் இல்லையே என்று ஒரு நிமிடம்கூட வருந்த வேண்டாம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்தைப் பொன்னெழுத்தில் எழுதி, அதற்குக் கீழே கொடையாளர் பட்டியலை வெட்டிய சுவரை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது தையல். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற ஆராதனைக் கூடாரத்தைக் கட்டியபோது பொன் கொண்டுவந்தவர்களோடு, தங்கள் கைகளால் நூற்ற பெண்களும் கணக்கில் வருகிறார்கள். யாத்திராகமம் 35-இல் பாருங்கள். அடுத்த அதிகாரத்தில் காணிக்கை தேவைக்கு மேல் குவிந்து, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் சொல்கிறார். அப்படி ஓர் அறிவிப்பை என் காலத்தில் எந்த ஆலயத்திலும் கேட்டதில்லை. புதிய ஆலயத்துக்குப் பீட விரிப்புகள் வேண்டும்: பண்டிகைக்கு வெள்ளை, லெந்து என்ற தவக்கால நாட்களுக்கு ஊதா, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற ஞாயிறுகளுக்குப் பச்சை. துணியைச் சபை வாங்கித் தரட்டும், தைப்பது உங்கள் காணிக்கையாக இருக்கட்டும் என்று ஐயரிடம் சொல்லிப் பாருங்கள். பழைய பீடத்தையே புதிய ஆலயத்தில் வைக்கிறார்களா, புதிதாகச் செய்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டு அளவெடுங்கள். வெட்டிய பிறகு பீடம் நீளமானால் துணி வீண்.