பணி ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகள் வராத பொங்கல் நாட்களை எப்படிக் கழிக்கிறீர்கள்?

கேட்டவர் தன் நிலையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். கணவன் மனைவி இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று, மகன் வெளிநாட்டில், மார்கழி பிறந்தாலே வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது, ஏதாவது பொதுக்காரியத்தில் சேரலாமா, இந்த வயதுக்கு ஒத்துவருமா என்று. உங்கள் மகன் ஜூலையில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போயிருப்பார், பொங்கலுக்கு வீடியோ காலில் பானையைக் காட்டச் சொல்லுவார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். 58 வயதில் வீட்டுக்கு வரவேண்டியது. அரசு ஓய்வு வயதை 2020-ல் 59, 2021-ல் 60 என்று ஏற்றியதால் இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. எங்கள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். காங்கயம் தாராபுரம் சாலையில் ஊதியூர் பக்கம் இருக்கிறோம். கிளுவை வேலியும், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமுமாக இருக்கும் வறண்ட பூமி. சாலையில் நிழல் கம்மி. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

ஓய்வு பெற்றதும் முதலில் வருவது பொன்னாடை அழைப்புகள். பள்ளி ஆண்டுவிழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்ற வாங்க, கோலப்போட்டிக்கு நடுவராக வாங்க, பொங்கல் விளையாட்டுக்குப் பரிசு கொடுக்க வாங்க. போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடுகிறவர்கள் பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நீங்கள் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார், விழா நடந்துவிடும். நீங்கள் வராவிட்டால் தடைப்படுகிற வேலையாகப் பார்த்துப் பிடியுங்கள். என் பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் அது எங்களுக்கு எப்படி அமைந்தது என்ற கதை.

எங்களுடையது தைப்பூசப் பாதயாத்திரைப் பந்தல். சேலம், சங்ககிரி, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் காங்கயம், தாராபுரம் வழியாகத்தான் போவார்கள். கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழி. பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே கூட்டம் தொடங்கிவிடும். பூசம் ஒவ்வொரு வருஷமும் நகரும் என்பதைக் கவனியுங்கள். 2024-ல் ஜனவரி 25, பொங்கல் முடிந்த கையோடு வந்துவிட்டது. 2025-ல் பிப்ரவரி 11, ஏறக்குறைய நான்கு வாரம் இடைவெளி. 2026-ல் பிப்ரவரி 1. பூசம் முடிந்த பிறகும் எடப்பாடிக்காரர்கள் காவடி உண்டு. மலைமேலேயே இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஆக, மார்கழி பஜனையில் ஆரம்பித்து காப்புக்கட்டு, பட்டிப் பொங்கல் என்கிற மாட்டுப் பொங்கல், பூ நோம்பி எல்லாம் தாண்டி மாசி வரைக்கும் எங்களுக்குப் பண்டிகைதான். பட்டிப் பொங்கலன்று மட்டும் எங்கேயும் போகமாட்டோம். மாடு இருக்கிற வீடு.

பந்தலில் சோறு போடுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. அரிசிம்பருப்பு அண்டா அண்டாவாக வேகும், சுக்குக் காப்பி ராத்திரி முழுக்க கொதிக்கும், இளவட்டங்கள் தட்டு தட்டாகக் கொண்டு ஓடுவார்கள். எல்லோருக்கும் பரிமாற ஆசை. காலைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அது என் வேலை ஆனது.

வெயிலுக்குப் பயந்து முக்கால்வாசிப் பேர் ராத்திரியில்தான் நடப்பார்கள். பாதிப்பேர் வெறுங்காலில். வந்து உட்கார்ந்ததும் முதலில் தேடுவது ஊக்கு. கொப்புளத்தைக் குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டால் நிம்மதி என்ற எண்ணம். நான் ஊக்கைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன். கொப்புளத்தின் மேல்தோல்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. அதைக் கிழித்தால் சாலைப் புழுதியெல்லாம் உள்ளே போகும். சோப்புப் போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, விரல் இடுக்கு வரைக்கும் ஈரம் இல்லாமல் துடைத்து, சுத்தமான துணி வைத்து, மேலே அழுத்தாமல் கட்டவேண்டும். கொப்புளத்தைச் சுற்றிப் பஞ்சை வளையமாக வைத்துக் கட்டினால் தரையில் படாது. ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

ஒரு வருஷம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு குழு வந்தது. பச்சை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், மற்றவர்கள் மாதிரி காலை நீட்டிப் போட்டு முனகவில்லை. நின்றபடியே சுக்குக் காப்பி குடித்தார். அவர் நின்ற சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு கால்தடம். யாரோ தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் தாண்டிப் போனார்கள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிறம் வேறாக இருந்தது. உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினால், கட்டைவிரலுக்குக் கீழே தோல் வழண்டு தொங்குகிறது, அதற்குள் ஒரு சின்ன ஜல்லித் துணுக்கு.

“வலிக்கலீங்களா சாமி?”

“இல்லீங்களே. மதமதன்னு இருக்குது, அவ்வளவுதான்.”

“சக்கரை இருக்குதுங்களா?”

“அது இருக்குதுங்க, பத்து வருசமா.”

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது என் பகுதியில் சர்க்கரைக்காரர்கள் பட்டியலை வீடு வீடாகப் போய் எடுத்தவள் நான். அந்த ‘மதமத’ என்ற சொல்லை எத்தனை திண்ணையில் கேட்டிருப்பேன். நரம்பு உணர்ச்சி போய்விட்ட கால் அது. தார் ரோடு சுட்டாலும் முள் ஏறினாலும் சேதி மூளைக்குப் போய்ச் சேராது. வலிக்கிறவன் நின்றுவிடுவான், வலிக்காதவன் நடந்துகொண்டே இருப்பான், அவன்தான் காலை இழக்கிறவன். விரதம் என்று ஒருவேளைச் சாப்பாடு, மாத்திரை மட்டும் வழக்கம்போல. எந்த நேரமும் சர்க்கரை இறங்கி விழுந்திருக்கலாம்.

கழுவிக் கட்டிவிட்டு, இனி நடக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அவர் ஒப்பவில்லை. “நேந்துக்கிட்டு பாதியில நிக்கலாமுங்களா?” என்று கண் கலங்கிவிட்டார். அவர் சொல்வதும் அவருக்கு நியாயம்தான். பேரனுக்கு உடம்பு சரியாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிளம்பியவர். மருத்துவம் பேசினால் எடுபடாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சாமி, நான் கண்டக்டரா இருந்தவன். டிக்கெட் எடுத்து ஏறுன வண்டி பாதியில பழுதாகி நின்னா, பின்னால வர்ற வண்டில ஏத்தி விடுவோம். அதே டிக்கெட் செல்லும். நீங்க எடுத்த டிக்கெட் செல்லாதுன்னு முருகன் சொல்லுவாரா?” பெரியவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “வேல் மட்டும் என் கையில இருக்கட்டுமுங்க, வண்டில குந்திக்கிட்டே வர்றேன்” என்றார். அந்தக் குழுவின் சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டியில் முன்சீட்டில் வேலோடு உட்காரவைத்து, காலையில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே பழனிக்குக் கூட்டிப் போனார்கள். சித்திரையில் அவர் மகன் போன் செய்தார். புண் ஆறிவிட்டது, விரல் எதையும் எடுக்கவில்லை.

அந்தப் போன் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் வரவில்லை, போகவில்லை. ஆனாலும் வீடு வெறிச்சென்று இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்பார்கள், நடந்து போவதே வேண்டாத வேலை, அதற்கு நீ வேறு கட்டுப் போட்டு ஊக்குவிக்கிறாயா என்று. நடப்பவர்கள் நான் கட்டினாலும் கட்டாவிட்டாலும் நடப்பார்கள். நான் பார்த்தது காலை, கொள்கையை அல்ல. இன்னும் சிலர், நீ டாக்டரா என்பார்கள். இல்லை. நான் ஒரு மாத்திரைகூடக் கையில் கொடுப்பதில்லை. கழுவிக் கட்டுவது, ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு அளந்து கலக்குவது, நடுக்கமும் குப்பென்று வேர்வையும் இருந்து நினைவும் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது, நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்வது. இவ்வளவுதான் என் எல்லை. எல்லை தெரிந்தால்தான் இந்த வேலையில் நிற்கமுடியும். சொந்தப் பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் ஊரார் காலைப் பிடிக்கிறாள் என்று சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இருப்பது கடல் தாண்டி.

வீட்டுக்காரர் வேலை வேறு. வரிசை நிற்கவைப்பது அவருக்குக் கைவந்த கலை. “உள்ளார போங்கொ, உள்ளார போங்கொ” என்று அவர் குரல் கொடுத்தால் பந்தலில் நெரிசல் தானாகக் கலையும். மூட்டையின் பின்பக்கம் ஒளிரும் பட்டை ஒட்டாத யாரையும் ராத்திரியில் வெளியே விடமாட்டார். சாலையின் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கச் சொல்லுவார். வரவு செலவு நோட்டும் அவரிடம்தான். அன்றன்றைக்குக் கூட்டிப் பந்தல் தூணில் ஒட்டிவிடுவார். காசு விஷயத்தில் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

பஸ் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஏறும்போது ஊருக்குள் போகும் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போகிற வண்டிகள் இப்போது அதிகமாகிவிட்டன. பந்தலுக்குப் பஞ்சும் துணியும் வாங்கிக்கொண்டு வந்த எங்கள் இருவரையும் அப்படித்தான் ஒரு நாள் இருட்டில் இறக்கிவிட்டார்கள். விளக்கு கிடையாது, ஆட்டோ கிடையாது, கையில் இரண்டு மூட்டை. கேட்டதற்கு, “லேட் ஆகுதுங்க” என்று ஒரே வார்த்தை. வாழ்நாள் முழுக்க கைப்பிள்ளைக்காரியையும் கிழவியையும் வாசல் பார்த்து இறக்கிவிட்டவர் அன்றைக்கு வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வயதானவர்கள் வெளியே வந்து ஏதாவது செய்யவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்துபோக வழி வேண்டாமா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குக் கோயில் காரியத்தில் ஈடுபாடு இல்லாமல் இருக்கலாம், முட்டிவலி இருக்கலாம். அப்படியானால் குளத்தங்கரைக்குப் போங்கள். 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு இபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றவேண்டும். திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு 2024-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் வந்தது, ஈரோடு வெள்ளோட்டுக்கு 2022-லேயே வந்துவிட்டது. ஊசிவால் வாத்தெல்லாம் வந்து தங்குகிற காலம் இதுதான். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்லச் சொல்ல, டீச்சரம்மா நோட்டில் எழுதுவார். இரண்டு பேருக்கும் அதில் சண்டை வருவதையும் பார்த்திருக்கிறேன், சந்தோஷமான சண்டை. பெண்களுக்கு என்றால் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி, அதாவது வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற கும்மி, சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தக் கும்மியைச் சொல்லிக் கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ வந்த பிறகு அறுபது வயதுக்காரிகளும் வெட்கம் விட்டுச் சலங்கை கட்டுகிறார்கள்.

வயதுக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்கள். ராத்திரி வேலையை இரண்டு பேரும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒருவர் கண்விழித்தால் ஒருவர் தூங்கவேண்டும். உங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். பந்தலில் பசி தெரியாது. இரண்டு பேருக்கும் வேறு வேறு வேலை இருக்கட்டும். ஒரே வேலை என்றால் வீட்டு வாக்குவாதம் அங்கேயும் வந்துவிடும். முதல் வருஷமே பொறுப்பு கேட்காதீர்கள். பாத்திரம் கழுவக் கூப்பிட்டாலும் போங்கள், யாருக்கு என்ன தெரியும் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் பூசத்துக்குப் பத்து நாள் முன்பே பந்தல் கால் நடுவார்கள். அந்தச் சமயத்தில் உங்களுக்குப் பக்கத்தில் எந்த நடைவழி போகிறதோ, அங்கே ஒரு சாயங்காலம் போய் என்ன வேலைக்கு ஆள் குறைவு என்று கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் பாதத்தைப் பார்க்க யாரும் இல்லை என்று சொன்னால், இங்கே கீழே எழுதுங்கள். என்னென்ன வாங்கி வைக்கவேண்டும் என்று பட்டியல் தருகிறேன்.