வாசகர் கேள்வி – பதில்: 300 பேர் குழுவில் நாலு பேர்தான் பேசுகிறார்கள்

கேள்வி: எங்கள் நெல் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் இருக்கிறோம். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வது அதே நாலு பேர். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: நாலு பேர் என்பது குறைவில்லை. நூற்றில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுவார் என்று 2006-இல் இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். அதன்படி உங்களுக்கு மூன்று பேர்தான் வரும். அந்த நாலு பேர் சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து போல, வாங்கியவர் திருப்பிச் செய்வார் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது. மொய்க்குக் கணக்கு நோட்டு உண்டு, இதற்கு ஏது? அமெரிக்க வழக்கறிஞர்களின் இணையக் குழு ஒன்றை வாஸ்கோ, ஃபராஜ் என்ற இருவர் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். கைம்மாறு கிடைக்கும் என்ற எண்ணம் அங்கே பதில்களைக் கூட்டவில்லை. தொழிலில் பேர் கிடைக்கும் என்ற எண்ணம் கூட்டியது. அதனால் கேள்வி கேட்டவர் பத்து நாள் கழித்து, "இன்னார் சொன்னதைச் செய்தேன், குருத்துப்பூச்சி அடங்கிவிட்டது" என்றோ "அடங்கவில்லை" என்றோ குழுவிலேயே எழுத வேண்டும். இதைக் கட்டாய விதியாக வையுங்கள்.

அனுபவஸ்தர்களை விரட்டுவது பெரும்பாலும் கேள்விதான். "பயிர் மஞ்சளா இருக்கு, என்ன அடிக்கலாம்?" என்றால் யார் என்ன சொல்வது? ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாகப் போட்ட உரம், தண்ணீர் நிற்கிறதா, மஞ்சள் அடியிலையிலா குருத்திலா என ஐந்தும் வேண்டும். அடியிலை என்றால் தழைச்சத்தையும், குருத்து என்றால் இரும்புச்சத்தையும் முதலில் சந்தேகிக்கலாம். இலையின் இரு பக்கமும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

சும்மா இருப்பவர்களில் பலருக்குப் பயம்: தன் பேச்சைக் கேட்டு அடுத்தவன் சம்பா போய்விட்டால்? "இதை அடியுங்கள்" என்று சொல்லாமல் "என் வயலில் இந்த அளவு போட்டேன், இத்தனை நாளில் இப்படி ஆனது" என்று எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். தட்டச்சு வராதவர் குரல்பதிவு போடட்டும். ஆனால் அதைப் பிறகு தேடி எடுக்க முடியாது. யாராவது ஒருவர் இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். காலை வணக்கப் படங்களுக்குத் தனிக் குழு!

கேள்வி: பதிலுக்கு ரீசார்ஜ் பரிசு கொடுக்கலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் யூடியூபில் கேட்டதெல்லாம் பதிலாக வந்து விழும். அறுவடை முடிந்ததும், சொன்னது பலித்த ஒருவரின் வயலுக்குக் குழுவோடு போய்ப் பாருங்கள். டீச் செலவு உங்களுடையது.